பெஞ்சில் இருக்கும் பெரிய ஆள்: என்.பி.ஏ. மாற்று சென்டர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. “அந்த நெட்டையன் எதுக்கு? ஓடவும் மாட்டேங்கிறான், ஷூட் பண்ணவும் மாட்டேங்கிறான்” என்ற ஒரே கேள்விதான் பெரும்பாலும் வேறு வேறு உருவத்தில் வரும். நெட்டையன் என்றால் சென்டர், வளையத்தடியில் நிற்கும் பெரிய ஆள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். பதில்கள் ஒரே அளவில் இருக்காது. சிலவற்றுக்கு ஒரு வரியே அதிகம்.

மாற்று சென்டர், ரோல் பிளேயர், இரண்டும் ஒன்றா?

முழுக்க ஒன்றல்ல. அணியின் ஆட்டம் யாரைச் சுற்றி நடக்கிறதோ அவர் ஸ்டார். அப்படி இல்லாமல், கோச் கொடுத்த ஒன்றிரண்டு வேலைகளை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போகிறவர் ரோல் பிளேயர். பந்து அவர் கைக்கு வந்த வேகத்தில் அடுத்த கைக்குப் போய்விடும். மாற்று சென்டர் அதில் ஒரு வகை: முதல் சென்டர் மூச்சு வாங்க வெளியே போகும்போது உள்ளே வருகிறவர். ரோல் பிளேயர் முதல் ஐந்து பேரில் ஒருவராகவும் இருக்கலாம். மாற்று சென்டருக்கு பெஞ்ச்தான் வீடு.

ஓர் அணியில் 15 பேருக்கு வழக்கமான ஒப்பந்தம் உண்டு. அதில் ஸ்டார் என்று சொல்லத்தக்கவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. மற்ற எல்லாரும் இந்தக் கட்டுரைக்குள் வருகிறவர்கள்தான்.

பத்து நிமிடம் ஆடுகிறவரால் ஆட்டம் மாறிவிடுமா?

மாறும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்றுதான்.

2019 மே 12. டொராண்டோவில் ராப்டர்ஸும் ஃபிலடெல்ஃபியா செவன்டி சிக்ஸர்ஸும் பிளே-ஆஃப் (சீசன் முடிந்த பின் நடக்கும் நாக்-அவுட் சுற்று) தொடர் ஒன்றின் ஏழாவது, கடைசி ஆட்டம் ஆடுகிறார்கள். தோற்றவர் வீட்டுக்கு. ஃபிலடெல்ஃபியாவின் சென்டர் ஜோயல் எம்பீட், அந்தத் தொடரின் நடுவே உடம்பு சரியில்லாமல் இருந்தவர். அன்று 45 நிமிடம் ஆடினார். கடைசியில் ஸ்கோர் 90-90. கவாய் லெனர்ட் வலது மூலைக்கு ஓடி, எம்பீட் நீட்டிய கைக்கு மேலே தூக்கிப் போட்ட பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. 92-90. அந்தப் படத்தைப் பார்க்காத கூடைப்பந்து ரசிகர் இருக்க முடியாது.

எல்லாரும் அந்த நான்கு குதியலைப் பேசுகிறார்கள். நான் பேசுவது வேறு ஒரு கணக்கு. எம்பீட் களத்தில் இருந்த 45 நிமிடத்தில் அவருடைய அணி 10 புள்ளி முன்னிலை. ஆட்டத்தில் தோற்றது 2 புள்ளியில். அப்படியானால் அவர் பெஞ்சில் இருந்த மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் 12 புள்ளி போயிருக்கிறது! அந்த நேரத்தில் சென்டராக வந்தவர் கிரெக் மன்ரோ. அவர் களத்தில் நின்றது இரண்டு நிமிடம்கூட இல்லை, அதற்குள் 9 புள்ளி பறிபோனது.

மன்ரோவைத் திட்டி எழுதவில்லை. ஒரு காலத்தில் டெட்ராய்ட்டில் நன்றாக ஆடியவர், 2010 டிராஃப்டில் (புது ஆட்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள்) ஏழாவதாக எடுக்கப்பட்டவர். அந்த சீசனை அவர் தொடங்கியதே டொராண்டோவில்தான். ஃபிலடெல்ஃபியா அவரை எடுத்தது சீசன் முடியப் போகிற ஏப்ரல் மாதத்தில். ஊரே பார்க்கிற வீட்டைக் கட்டிவிட்டு, கடைசி நாளில் கதவு வைக்க மறந்தது ஞாபகம் வந்து, கிடைத்த பலகையை வைத்து அடைத்த மாதிரி. தப்பு பலகை மேலா?

48 நிமிட ஆட்டத்தில் நல்ல சென்டர் ஒருவர் 34, 36 நிமிடம் ஆடுவார். மிச்சம் 12. பன்னிரண்டு நிமிடம் என்றால் முழு குவார்ட்டர் ஒன்று. அதில் மாற்று சென்டர் ஜெயித்துக் கொடுக்க வேண்டியதில்லை. தோற்காமல் ஒப்படைத்தால் போதும்.

அப்படியென்றால் நல்ல விலை கொடுத்து ஒரு நல்ல ஆளை வாங்கிவிடலாமே?

ஃபிலடெல்ஃபியாவும் அப்படித்தான் நினைத்தது. அதே கோடையில் அல் ஹார்ஃபர்டை நான்கு வருடத்துக்கு எடுத்தார்கள். உறுதியான சம்பளம் மட்டும் 9.7 கோடி டாலர். எம்பீட் உட்காரும்போது இவர் சென்டர், எம்பீட் ஆடும்போது அவர் பக்கத்தில் இவர். தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. களத்தில் இரண்டு பெரிய ஆட்களும் ஒருவர் நிற்க வேண்டிய இடத்தில் இன்னொருவர் போய் நின்றார்கள். 2020 பிளே-ஆஃபில் முதல் சுற்றிலேயே பாஸ்டனிடம் 4-0. அந்த வருடக் கடைசியில் ஹார்ஃபர்டை ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சம்பளத்தை அவர்கள் தலையில் கட்டுவதற்கு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஹார்ஃபர்ட் 2021இல் பாஸ்டனுக்கே திரும்பினார். 2024 பிளே-ஆஃபின் முதல் சுற்றில் பாஸ்டனின் சென்டர் கிறிஸ்டாப்ஸ் பொர்ஜிங்கிஸ் காயப்பட்டு விழ, அந்த இடத்தில் நின்று ஆடினார். 38 வயதில் தன் முதல் சாம்பியன்ஷிப் மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். ஆள் அதே ஆள்தான். விலையும் இடமும்தான் வேறு.

இன்னொரு பக்கம் சம்பள வரம்பு. 2024-25 சீசனில் அணிக்கான வரம்பு சுமார் 14 கோடி டாலர். எம்பீட், டென்வரின் நிக்கோலா யோக்கிச் போன்ற ஸ்டார் சென்டர்கள் ஒரு வருடத்துக்கு வாங்குவது 5 கோடிக்கு மேல். வரம்பைத் தாண்டியும் செலவு செய்ய வழி உண்டு. ஆனால் 2023இல் லீகும் ஆட்டக்காரர்களும் செய்த ஒப்பந்தத்தில் செலவுக்கு இரண்டாவது மேல்கோடு ஒன்று போட்டார்கள், அதைத் தாண்டிய அணிக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கக் கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளம் மட்டுமே மிச்சம். ஸ்டார்களுக்குக் கொட்டிக் கொடுத்த அணி, மாற்று சென்டரைத் தள்ளுபடிக் கடையில்தான் தேடியாக வேண்டும்.

தள்ளுபடியில் நல்ல சரக்கு கிடைக்குமா?

கிடைக்கும், கண் இருந்தால். ஐசயா ஹார்டன்ஸ்டைன் கதையைப் பாருங்கள். 2017 டிராஃப்டில் 43ஆவது ஆள். ஹூஸ்டன் சில வருடம் வைத்திருந்து விடுவித்தது. டென்வர் எடுத்தது, நிக்கோலா யோக்கிச்சுக்கு மாற்றாக. பாதி சீசனில் ஜவேல் மெக்கீயை வாங்குவதற்காக அவரைக் கிளீவ்லாந்துக்குத் தள்ளிவிட்டது. அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ், நிரந்தரமில்லாத ஒப்பந்தத்தில். அப்புறம் நியூயார்க், இரண்டு வருடத்துக்கு 1.6 கோடி, மிட்செல் ராபின்சனுக்கு மாற்றாக. ராபின்சன் காயப்பட்டபோது முதல் ஐவரில் வந்து அசத்தினார். 2024இல் ஓக்லஹோமா சிட்டி மூன்று வருடத்துக்கு 8.7 கோடி கொடுத்தது. 2025இல் சாம்பியன்.

அந்தப் பயணத்தில் இரண்டாம் சுற்றில் ஏழு ஆட்டம் ஆடி அவர்கள் வெளியேற்றிய அணி டென்வர். யோக்கிச்சுக்கு நம்பிக்கையான ஒரு மாற்று ஆள் இல்லையே என்று வருடக்கணக்காகப் புலம்பும் ஊர் அது. அந்தத் தொடர் முடிந்த கோடையில்தான் லித்துவேனியாவின் யோனாஸ் வலன்ச்சூனஸை வாங்கினார்கள்.

புள்ளியே எடுக்காதவர் களத்தில் அப்படி என்னதான் செய்கிறார்?

நிறைய. ஆனால் பந்தைப் பின்தொடரும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் ஒரு குவார்ட்டர் முழுக்கப் பந்தை விட்டுவிட்டு சென்டரை மட்டும் பாருங்கள்.

முதலில் ஸ்க்ரீன். பந்தோடு வருகிறவரைத் துரத்தும் தடுப்பாட்டக்காரர் வழியில் போய்ச் சிலை மாதிரி நிற்பது. கைகள் நெஞ்சோடு, கால் ஊன்றி, அசையக் கூடாது. அசைந்தால் ஃபவுல். துரத்துகிறவர் அந்த நூறு கிலோ உடம்பில் மோதி அரை நொடி தடுமாறுவார். அந்த அரை நொடியில்தான் உங்கள் ஹீரோ த்ரீ போடுகிறார். ஸ்கோர் அட்டையில் ஹீரோவுக்கு 3. நெஞ்சில் இடி வாங்கியவருக்குப் பூஜ்யம். 2016 வாக்கில்தான் ஸ்க்ரீன் அசிஸ்ட் என்று ஒன்றை என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியது. எண்ணினாலும் பார்ப்பவர் யார்?

அடுத்தது இடம் பிடிப்பது. எதிரணி ஷாட் போட்டதும் நம் கண் வளையத்தை நோக்கி மேலே போகும், அது மனித இயல்பு. நல்ல சென்டர் வளையத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எதிராளியைத் தேடி, இடுப்பைத் தாழ்த்தி முதுகால் அவரை வெளியே தள்ளுவார். பந்தைத் தான் எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஸ்டீவன் ஆடம்ஸ் ஓக்லஹோமாவில் இருந்தபோது எதிரணி மலைகளை முதுகால் தள்ளிக்கொண்டு நிற்பார், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் ஓடிவந்து ரீபவுண்டை, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை, அள்ளிக்கொண்டு பறப்பார். 2016-17இல் வெஸ்ட்புரூக் 42 டிரிப்பிள் டபுள் (ஒரே ஆட்டத்தில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் போன்ற மூன்று கணக்கிலும் இரட்டை இலக்கம்) எடுத்தார். அதில் நாலைந்தையாவது ஆடம்ஸின் முதுகுக்கு எழுதி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அதே ஆடம்ஸ் 2024-25இல் ஹூஸ்டனில் அல்பெரென் ஷெங்கூனுக்கு மாற்றாக வந்தார். தங்கள் அணி தவறவிட்ட பந்தைத் திரும்பப் பறித்துக் கொடுத்தே பிழைத்தார், இன்னொரு மூன்று வருட ஒப்பந்தமும் வாங்கினார்.

பிறகு தடுப்பாட்டம். பந்துக்காரரும் எதிரணி சென்டரும் இரண்டு பேராக வளையத்தை நோக்கி வருவார்கள். நம் ஆள் ஒருவர். ஓரடி முன்னால் வைத்தால் தலைக்கு மேல் பந்து போய் டங்க். ஓரடி பின்னால் வைத்தால் பந்துக்காரர் நிதானமாக ஷாட் போடுவார். நடுவில் ஊசலாடி, இரண்டு பேரையும் அரைகுறையாகத் தடுத்து, தன் கூட்டாளி ஓடிவந்து சேரும்வரை நேரத்தை இழுக்க வேண்டும். கூடவே வாய் ஓயக் கூடாது. முதுகுக்குப் பின்னால் எந்தப் பக்கம் ஸ்க்ரீன் வருகிறது என்று கூட்டாளிகளுக்குக் கத்திச் சொல்வது சென்டரின் வேலை. களம் முழுவதும் அவர் கண் முன்னால் இருக்கிறது அல்லவா.

ஃபவுல் ஆகி வெளியே போனால்?

ஆறு ஃபவுலில் ஆள் காலி. வளையத்தடியில் நிற்பவர் என்பதால் சென்டருக்குத்தான் அது சீக்கிரம் சேரும். முதல் குவார்ட்டரிலேயே ஸ்டாருக்கு இரண்டு ஃபவுல் ஆனால் 12 நிமிட மாற்று ஆள் 25 நிமிட ஆள் ஆகிவிடுவார்.

ஃப்ரீ த்ரோ போடத் தெரியாத சென்டரைக் கடைசி நேரத்தில் வைத்திருக்கலாமா?

ஷக்கீல் ஓ'நீல் காலத்திலிருந்து இந்தத் தலைவலி. வேண்டுமென்றே அவரைப் பிடித்து ஃபவுல் செய்து, கோட்டில் நிற்க வைத்து, தடுக்க யாரும் இல்லாமல் போடும் அந்த ஷாட் இரண்டும் தவறட்டும் என்று காத்திருப்பார்கள். 2016இல் விதியை இறுக்கி, பந்து இல்லாதவரை ஒவ்வொரு குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் இப்படிப் பிடித்தால் ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் எதிரணிக்கு என்று ஆக்கினார்கள். மற்ற நேரத்தில் இன்னும் நடக்கிறது. 2025இல் பாஸ்டன் மிட்செல் ராபின்சனுக்கும் இதைச் செய்தது. பார்க்கச் சகிக்காது.

இப்போது எல்லாரும் சின்ன ஆட்களை வைத்துத்தானே ஆடுகிறார்கள்? பெரிய ஆள் தேவையா?

2015 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் 2-1 என்று பின்தங்கி இருந்தது. நான்காவது ஆட்டத்தில் சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்து ஆண்ட்ரே இகுடாலாவை இறக்கினார்கள். இகுடாலா அந்த சீசன் முழுக்க ஒரு ஆட்டத்தைக்கூட முதல் ஐவரில் தொடங்காதவர். அந்த ஆட்டத்திலிருந்து மூன்று ஆட்டமும் ஜெயித்துக் கோப்பை, இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இகுடாலாவுக்கே. அன்றிலிருந்து “சென்டர் செத்தான்” என்ற பேச்சு.

ஆனால் அடுத்த வருடத்தை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 2016 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் போகட் முழங்காலில் அடிபட்டுப் போனார். ஏழாவது ஆட்டத்தை மாற்று சென்டர் ஃபெஸ்டஸ் எஸேலி தொடங்கினார். கடைசிக் குவார்ட்டர், கோல்டன் ஸ்டேட் 87-83. லெப்ரான் ஜேம்ஸ் முன்னால் எஸேலி மாட்டிக்கொண்டார். லெப்ரான் ஷாட் போடுவது போல ஏய்க்க எஸேலி தாவி ஃபவுல் செய்தார், மூன்று ஃப்ரீ த்ரோவும் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே இருவர் எதிரெதிரே. இந்த முறை தலைக்கு மேலே த்ரீ. 89-87. கிளீவ்லாந்து 93-89இல் ஜெயித்தது. சின்ன ஆட்களின் சாம்பியன் அணிக்கும் விழுந்த ஓட்டை பெரிய ஆளின் நாற்காலியில்தான்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. ஓக்லஹோமா 2025இல் ஜெயித்தது ஹார்டன்ஸ்டைனையும் செட் ஹோம்கிரனையும் சேர்த்து நிறுத்தி. ஹூஸ்டன் அதே 2024-25 சீசனில் ஷெங்கூனையும் ஆடம்ஸையும் ஒன்றாக இறக்கியது.

ஒரே ஒரு மாற்று சென்டர் போதுமா?

இந்தியானாவைக் கேளுங்கள். 2024-25 சீசன் தொடங்கும்போது மைல்ஸ் டர்னருக்குப் பின்னால் ஜேம்ஸ் வைஸ்மன், ஐசயா ஜாக்சன் என்று இரண்டு பேர் இருந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே வைஸ்மனுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. நவம்பர் முதல் தேதி ஜாக்சனுக்கும் அதே. இரண்டு வாரத்தில் இரண்டு பேரும் அந்த சீசனுக்கு இல்லை. டிசம்பரில் மயாமியில் ஓரமாக இருந்த தாமஸ் பிரயன்ட்டைக் கூட்டிவந்தார்கள். அடுத்த மே மாதக் கடைசி, கிழக்குப் பிரிவு இறுதியின் ஆறாவது ஆட்டம், எதிரில் நியூயார்க். பிரயன்ட் பெஞ்சிலிருந்து வந்து மூன்று த்ரீயோடு 11 புள்ளி. இந்தியானா 125-108 என்று ஜெயித்து இறுதித் தொடருக்குப் போனது. அக்டோபரில் பிரயன்ட் பெயரைச் சொல்லியிருந்தால் இந்தியானா ரசிகர்களே சிரித்திருப்பார்கள்.

பெரிய ஸ்டார்கள் யாராவது மனமொப்பி மாற்று ஆளாக ஆடியிருக்கிறார்களா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பில் வால்டன். 1977இல் போர்ட்லாண்டுக்குக் கோப்பை வாங்கித் தந்து இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர், 1978இல் லீகின் சிறந்த ஆட்டக்காரர். அதன்பின் பாதம் கைவிட்டது. எலும்பு முறிவுக்கு மேல் முறிவு. மூன்று சீசன்களை முழுசாக இழந்தார். 1985இல் பாஸ்டனுக்கு வந்தபோது அங்கே ராபர்ட் பாரிஷும் கெவின் மெக்ஹேலும் இருந்தார்கள். வால்டன் பெஞ்சில் உட்கார்ந்தார். 1985-86இல் ஆட்டத்துக்குச் சராசரி 19 நிமிடம், ஆனால் 80 ஆட்டம்! வாழ்க்கையில் அவர் ஒரே சீசனில் அத்தனை ஆட்டம் ஆடியதே இல்லை. பாஸ்டன் சொந்த மண்ணில் 40 ஜெயித்து ஒன்றில் தோற்றது, கோப்பையும் வென்றது. சிறந்த ஆறாவது ஆள் விருது, அதாவது பெஞ்சிலிருந்து வருகிறவர்களில் சிறந்தவருக்கான விருது, வால்டனுக்கு. இந்த மூன்று விருதையும் வாங்கியவர் வேறு யாரும் இல்லை.

அலோன்சோ மோர்னிங் இன்னொருவர். 2003 டிசம்பரில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. 2006இல் மயாமியில் ஷாக்குக்கு (ஷக்கீல் ஓ'நீல்தான்) மாற்றாக வந்து, டல்லாஸை வீழ்த்திய கடைசி ஆட்டத்தில் ஐந்து ஷாட்டைத் தட்டிவிட்டார். 2020இல் லேக்கர்ஸுக்கு ஆடிய ட்வைட் ஹோவர்டையும் சேர்க்கலாம். சீசனின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு எட்டு முறை தேர்வானவர், எந்த நேரமும் வெட்டிவிடலாம் என்ற ஒப்பந்தத்தில் வந்து, மேற்குப் பிரிவு இறுதியில் யோக்கிச்சை முட்டி மோதிப் பாடாய்ப் படுத்தினார்.

ராபர்ட் ஹோரிக்கு ஏழு மோதிரம் கிடைத்தது அதிர்ஷ்டமா?

ஹோரி சென்டர் அல்ல, ஃபார்வர்டாக ஆடிய ரோல் பிளேயர். கொஞ்சம் அதிர்ஷ்டம், மீதி பொறுமை. ஹூஸ்டனில் இரண்டு, லேக்கர்ஸில் மூன்று, சான் அன்டோனியோவில் இரண்டு. ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் இல்லை. சராசரி 7 புள்ளி. 2002இல் சாக்ரமென்டோவோடு நான்காவது ஆட்டம்: லேக்கர்ஸ் 97-99, நொடிகள் கரைகின்றன. கோபி பிரயன்ட் தவறவிட்டார், ஷாக்கும் தவறவிட்டார். சாக்ரமென்டோவின் விளாடே டிவாட்ஸ் பந்தை அபாயத்திலிருந்து தள்ளுவதாக நினைத்து வெளியே தட்ட, அது நேராக ஹோரி கைக்குப் போனது. மணி அடிக்க த்ரீ, 100-99. எல்லாரும் வளையத்தடியில் முண்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் தான் நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தார்.

களமே இறங்காத உடோனிஸ் ஹஸ்லெமை மயாமி ஏன் இத்தனை வருடம் வைத்திருந்தது?

டிராஃப்டில் யாரும் எடுக்காதவர். 20 சீசன், ஒரே அணி, மூன்று சாம்பியன்ஷிப். கடைசிப் பல வருடங்கள் கோட்டுப் போடாத உதவி கோச் மாதிரிதான். 2020-21இல் ஆடியதே ஒரு ஆட்டம். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் ட்வைட் ஹோவர்டோடு முட்டிக்கொண்டு வெளியேற்றப்பட்டார். பயிற்சியில் இளம் சென்டர்களை இடித்துப் பழக்க ஓர் ஆள் வேண்டும், சோம்பேறித்தனத்தை முகத்துக்கு நேராகக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அவருடைய 40ஆம் எண் சட்டையை இப்போது அரங்கின் உச்சியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பதினைந்து இடத்தில் ஒன்றை இதற்குக் கொடுப்பது சரியா என்று கேட்டால், அவருடைய கடைசி இரண்டு மூன்று வருடம் கொஞ்சம் அதிகம்தான் என்பேன். மயாமிக்காரர்கள் அடிக்க வருவார்கள்.

இவர்களுக்கு விருது ஏதும் உண்டா?

ஆறாவது ஆள் விருது 1982-83இலிருந்து உண்டு. பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்து புள்ளி குவிக்கும் கார்டுகளுக்கு (பந்தைக் கொண்டுவரும் சின்ன ஆட்கள்) போய்விடும். 2024இல் மின்னசோட்டாவின் நாஸ் ரீட் வாங்கினார். இவரும் டிராஃப்டில் விலைபோகாத பெரிய ஆள். அந்த ஊரில் அவர் பெயரைப் பச்சை குத்திக்கொள்ள வரிசையில் நின்றார்கள்.

ஆட்டம் பார்க்கும்போது மாற்று சென்டரை எப்படி எடைபோடுவது?

ஒருவர் களத்தில் நின்ற நேரத்தில் அணி எத்தனை புள்ளி ஏறியது, இறங்கியது என்று காட்டும் பிளஸ்-மைனஸ் எண்ணை ஓர் ஆட்டத்தில் மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். கூட ஆடிய நான்கு பேரின் பாவமும் அதில் சேரும். இருபது, முப்பது ஆட்டம் சேர்ந்தால் ஏதோ சொல்லும். அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. முதல் குவார்ட்டர் முடியச் சில நிமிடம் இருக்கும்போது முதல் சென்டர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். அப்போது ஸ்கோர் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் குவார்ட்டரின் நடுவில் அவர் எழுந்து வரும்போது மறுபடி பாருங்கள். இந்திய நேரத்துக்கு இது விடிகாலை ஐந்தரை, ஆறரை ஆகும். காபி போட எழுந்து போகாமல் இருந்தால் சரி.